தராசின் தருமம்

தியாகராய நகர்க் கடைத்தெருவில் அரிசி நிறுக்கும் தராசுக்குச் சர்க்கார் முத்திரை வேண்டுமென்கிறோம். மயிலாப்பூரில் வாங்கும் பொன்னுக்கும் மாற்றுமுத்திரை கேட்கிறோம். அடையாற்றிலும் கிண்டியிலுமுள்ள ஆராய்ச்சிசாலைகளின் தராசுக்கும் அத்தகைய அத்தாட்சி வேண்டுமென்றால் மட்டும் அறிஞர் சிலர் முகஞ் சுளிக்கின்றனர். இது நியாயமன்று.

இவ்விஷயத்தைத் தமிழ்நாடு பட்டறிந்திருக்கிறது. 1989-ஆம் வருஷக் கடைசியில் ஜெர்மனி தேசம், பெண்டாகுளோரோபீனால் என்னும் பூஞ்சைக்கொல்லி கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேற்பட்டுள்ள சரக்குகளைத் தடைசெய்தது. 1994-இல் தீங்கிழைக்கும் சில சாயங்களையும் விலக்கிற்று. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் வியாபாரிகள் திகைத்தனர். அத்துணை நுண்ணிய அளவை யார் அளப்பது? அளந்து சொன்னாலும் அந்நியன் நம்புவானா? 1948-இல் அடையாற்றில் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அப்போது துணைநின்றது. அண்ணா சர்வகலாசாலையின் தோல் தொழில்நுட்ப மாணவர்கள் பயில்வதும் அங்கேதான்.

நம்பிக்கைக்கு இன்று சர்வதேச விதியொன்று உண்டு. 1999-இல் வெளியாகி 2017-இல் திருத்தப்பெற்ற ஐ.எஸ்.ஓ. 17025 என்பதே அது. கருவிகளைத் தேசிய மூல அளவைகளோடு ஒப்பிட்டுத் திருத்தவேண்டும். சோதனைமுறை பொருத்தமானதென நிரூபிக்கவேண்டும். முடிவில் எவ்வளவு ஐயப்பாடு உண்டென்று கணக்கிட்டுச் சொல்லவேண்டும். பிற சோதனைசாலைகளின் முடிவோடு ஒத்துப் பார்க்கவேண்டும். இவற்றைச் சோதித்து அங்கீகாரமளிக்க நமக்கே ஒரு தேசிய வாரியம் உள்ளது. பல நாட்டு வாரியங்கள் 2000-இல் செய்துகொண்ட உடன்படிக்கையில் அதுவும் சேர்ந்தது. அதனால் இங்கே அளந்ததை அயலார் மறுசோதனையின்றி ஏற்க வழி பிறந்தது. இதுவும் சுயராஜ்யத்தின் ஓர் அங்கமன்றோ?

“விதிகள் ஆராய்ச்சிக்கு விலங்கு” என்பர் சிலர். அங்கீகாரம் அளவைக்கேயன்றிச் சிந்தனைக்கன்று. சர்வகலாசாலைக்கு இதன் அவசியம் இன்னும் அதிகம். ஆராய்ச்சி மாணவர் சில வருஷங்களில் பட்டம் பெற்றுச் செல்கிறார். கருவியின் குணமறிந்த அறிவும் அவரோடு போய்விடுகிறது. ஒழுங்கான பதிவேடிருந்தால் அடுத்தவர் அங்கிருந்தே தொடங்கலாம். முன்னவர் கண்ட முடிவைத் தாமும் கண்டு உறுதிசெய்யலாம்.

செலவும் உழைப்பும் உண்டென்பது மெய்யே. ஆகவே பலரும் பயன்படுத்தும் இரண்டொரு கருவிகளில் தொடங்குக. பரிசோதகர் வருவதற்கு முதல்நாள் இரவு ஏடுகளை நிரப்பிச் சுவரில் சான்றிதழ் மாட்டுவது வெறும் ஆடம்பரம். பார்ப்பவர் இல்லாத நாளிலும் தவறாத தராசே நமக்கு வேண்டும். அதனைச் சர்வகலாசாலைகளிடம் கேட்கும் உரிமை, அவற்றுக்கு வரிப்பணம் தரும் ஜனங்களுக்கு உண்டு.