ஆங்கிலச் சொற்கற்பித்தலில் சொற்றொகுதிகள்: பொருண்மை உறவும் சூழல் உறவும்

1. முன்னுரை

இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்பிக்கும் பாடநூல்கள் பலவற்றில் சொற்கள் தொகுதிகளாகவே தரப்படுகின்றன. உடலுறுப்புகள், உறவுமுறைகள், நிறங்கள், கனிகள் என்னும் தலைப்புகளின்கீழ்ச் சொற்கள் வரிசைப்படுத்தப்படுகின்றன. ஓரினச் சொற்களை ஒருங்கே கற்றால் அவை எளிதில் நினைவில் நிற்கும் என்பது இவ்வமைப்பின் அடிப்படைக் கருத்தாகும். இக்கருத்து எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதையும், தமிழ் பேசுவோர் ஆங்கிலம் கற்கையில் எத்தகைய தொகுதி எந்நிலையில் பயன்தரும் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. பொருள்வழித் தொகுத்தல் மரபு

பொருள்வழிச் சொற்றொகுப்பு தமிழுக்குப் புதிதன்று. திவாகரம் தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் என விரியும் 12 தொகுதிகளை உடையது. ஆங்கிலத்தில் ரோஜே 1852இல் வெளியிட்ட சொற்களஞ்சியமும், டாம் மக்கார்தர் தொகுத்து 1981இல் வெளிவந்த லாங்மன் சொற்களஞ்சியமும் பொருள்வரிசையை மேற்கொண்டன. ஒரு சொல்லின் பொருளை அதன் அண்டைச் சொற்களே வரையறுக்கின்றன என்னும் பொருண்மைப் புலக் கொள்கையை ஜெர்மானிய அறிஞர் யோஸ்ட் டிரியர் 1931இல் விரிவாக நிறுவினார்.

ஆயின் நிகண்டு கற்றோர் தமிழை முன்னரே அறிந்தோர். ரோஜேயின் நூலை நாடுவோரும் ஆங்கிலம் அறிந்தோரே. அறிந்த சொற்களை ஒழுங்குபடுத்தும் முறையையே, அறியாத சொற்களை அறிமுகப்படுத்தும் முறையாகவும் கொள்வதில்தான் இடர்ப்பாடு எழுகிறது.

3. இருவகைத் தொகுதிகள்

கற்பித்தல் நோக்கில் தொகுதிகளை இரண்டாகப் பகுக்கலாம். ஒரு தலைப்பின்கீழ் அடங்கும் ஓரினச் சொற்கள் பொருண்மைத் தொகுதியாகும். ‘ஷர்ட்’, ‘கோட்’, ‘ஸ்வெட்டர்’ என்பன இதற்குக் காட்டு. ஒரு நிகழ்ச்சியிலோ சூழலிலோ ஒருங்கே வரும் வெவ்வேறு வகைச் சொற்கள் சூழல் தொகுதியாகும். ‘ரெயின்’, ‘அம்பரெல்லா’, ‘வெட்’, ‘ஸ்லிப்’ என்பன இத்தகையவை.

டிங்கம் 1993இல் வெளியிட்ட ஆய்வில், பொருண்மை உறவுடைய சொற்களை ஒருங்கே கற்பது உறவற்ற சொற்களைக் கற்பதினும் கடினமாக இருந்தது. ஜப்பானிய மாணவர்களைக் கொண்டு வேரிங் 1997இல் வெளியிட்ட ஆய்வும் இம்முடிவிற்கு அரண் செய்தது. அதே ஆண்டில் டிங்கம் வெளியிட்ட மற்றோர் ஆய்வு சூழல் தொகுதி கற்றலுக்குத் துணைநிற்பதைக் காட்டியது. இவ்வாய்வுகள் செயற்கைச் சொற்களைக் கொண்டு நிகழ்த்தப்பட்டவை. பின்வந்த ஆய்வுகள் அனைத்தும் ஒரே முடிவைத் தரவும் இல்லை. எனினும் அவை சுட்டும் காரணம் கருதத்தக்கது. ஒத்த பொருளுடைய புதுச்சொற்கள் ஒரே வேளையில் நினைவில் புகுங்கால் ஒன்றன் வடிவம் மற்றொன்றன் பொருளோடு மயங்குகிறது. ‘லெஃப்ட்’, ‘ரைட்’ என்பவற்றை ஒரே பாடத்தில் கற்ற மாணவர் அவை திசையைக் குறிப்பன என்பதை அறிவர்; எது இடம், எது வலம் என்பதில் தடுமாறுவர்.

4. தமிழ்–ஆங்கிலப் புல வேறுபாடுகள்

இருமொழிப் புலங்கள் ஒத்தமையாத இடங்களில் இம்மயக்கம் மிகுகிறது. பேச்சுத்தமிழில் ‘கை’ என்னும் ஒரு சொல் நிற்குமிடத்தில் ஆங்கிலம் ‘ஹாண்ட்’, ‘ஆர்ம்’ எனப் பிரிக்கிறது. ‘கால்’ என்பது ‘லெக்’, ‘ஃபுட்’ எனவும், ‘விரல்’ என்பது ‘ஃபிங்கர்’, ‘டோ’ எனவும் பிரிகின்றன. மறுதலையாக, நெல், அரிசி, சோறு ஆகிய மூன்றையும் ‘ரைஸ்’ தழுவும். பெரியப்பா, சித்தப்பா, மாமா ஆகியோர் ‘அங்கிள்’ என்பதில் அடங்குவர். சமையல் வினைகளில் எல்லைகள் குறுக்கிடுகின்றன. ‘ஃபிரை’ என்பது பொரித்தலையும் வதக்கலையும் குறிக்கும். எண்ணெயின்றி வறுத்தலுக்கு ‘ரோஸ்ட்’ பொருந்தும். அதுவே இறைச்சியைச் சுடுதலுக்கும் வரும். ‘கடன்’ என்னும் பெயரோடு வாங்கு, கொடு என்னும் வினைகளைச் சேர்த்துத் தமிழ் உணர்த்துவதை ஆங்கிலம் ‘பாரோ’, ‘லெண்ட்’ என்னும் இரு தனிவினைகளால் உணர்த்துகிறது. இவற்றை ஒரே நாளில் இணையாகக் கற்பித்தல் பிழைக்கு வழிவகுக்கும்.

5. வகுப்பறைப் பயன்பாடு

முதனிலையில் ஒரு புலத்தின் மிகுவழக்குச் சொல் ஒன்றை மட்டும் சூழலோடு அறிமுகப்படுத்தலாம். வங்காளத்தில் கல்விப்பணி ஆற்றிய மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட, ஏறத்தாழ 2000 தலைச்சொற்கள் கொண்ட பொதுப்பயன் சொற்பட்டியல் இத்தேர்விற்குத் துணைபுரியும். பேருந்துப் பயணம் என்னும் சூழலில் ‘பஸ்’, ‘டிக்கெட்’, ‘கண்டக்டர்’ ஆகியவை தமிழ் மாணவர்க்குக் கடன்சொற்களாக முன்னரே தெரிந்தவை. அவற்றைப் பற்றுக்கோடாகக் கொண்டு ‘வெயிட்’, ‘க்ரௌடட்’, ‘லேட்’ என்னும் புதுச்சொற்களை வேரூன்றச் செய்யலாம். ‘பாரோ’ நூலகச் சூழலில் நிலைபெற்ற பின்னரே, சில வாரங்கள் கழித்து, ‘லெண்ட்’ இடம்பெறுதல் நன்று.

இரண்டாம் நிலையில், வெவ்வேறு பாடங்களில் கற்ற சொற்களை ஒரே புலத்தில் நிறுத்தி ஒப்பிடச் செய்தல் வேண்டும். பொருண்மைத் தொகுதி பயன்தரும் இடம் இதுவே. முதனிலையில் மயக்கம் விளைத்த ஒப்புமை இங்கு நுண்வேறுபாட்டை உணர்த்தும் கருவியாகிறது.

6. முடிவுரை

சூழல் தொகுதி சொல்லை அறிமுகப்படுத்தற்கும், பொருண்மைத் தொகுதி அறிந்த சொல்லின் எல்லையை வரையறுத்தற்கும் உரியன. பாடநூல் ஆசிரியர்கள் இவ்வரிசையைப் பேணுதல் இன்றியமையாதது. தமிழ்–ஆங்கிலப் புல ஒப்பீட்டு அட்டவணைகள் ஆயத்தம் செய்யப்படின், எச்சொற்களை ஒரே பாடத்தில் தருதல் ஆகாது என்பதை அவை பாடநூலார்க்குக் காட்டும். ‘ரைஸ்’ என்னும் சொல் நெல்லா, அரிசியா, சோறா எனத் தெளிய வேண்டிய மொழிபெயர்ப்பாளர்க்கும் உதவும்.