பில் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

ஆனியில் சாரல் விழத் தொடங்கியதுமே, தென்காசிப் பக்கம் மனு எழுதிக் கொடுக்கிற எங்களைப் போன்றவர்களுக்குப் புலம்பல் போன்கள் வர ஆரம்பித்துவிடும். குற்றாலத்தில் வாங்கிய தேன் கலப்படமாம், செருப்பு மறுநாளே அறுந்துபோச்சாம், தண்ணீர் பாட்டிலுக்கு அஞ்சு ரூபாய் கூட வாங்கிவிட்டார்களாம். நான் கேட்பது ஒன்றுதான்: பில் இருக்கிறதா? இருக்காது. "குளிக்க வந்த இடத்துல யாராவது பில் கேப்பாங்களா?" என்று என்னையே திருப்பிக் கேட்பார்கள்.

கேட்க வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 2(47)-ஆம் பிரிவில், விற்ற பொருளுக்கு பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை என்று எழுதியிருக்கிறது. அதே பிரிவில் இன்னொன்றும் உண்டு. பழுதான பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுக்க வேண்டும்; மறுத்தால் அதுவும் முறையற்ற வணிகம்தான். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்து ஒட்டிவிட்டால் இந்தக் கடமை தீர்ந்துவிடாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த உரிமை பழுதுக்கு மட்டும்தான். வீட்டுக்குப் போனதும் 'இதை ஏன் வாங்கினோம்' என்று தோன்றுவதற்குக் கடைக்காரர் பொறுப்பில்லை. பேருந்து நிலையத்திலிருந்து பேரருவி வரைக்கும் ஒரு நடை போய்ப் பாருங்கள். பிளாஸ்டிக் பொம்மை, கறுப்புக் கண்ணாடி, மதுரையிலும் விருதுநகரிலும் அதே விலைக்குக் கிடைக்கிற துண்டு, பனியன். ஈரத் தலையோடு, பசியோடு, பிள்ளை அழுகையோடு வருகிறவரிடம் "சீசன் முடிஞ்சா கிடைக்காது சார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பணம் தானாக வெளியே வரும். அந்தச் செலவுக்கு எந்த நுகர்வோர் ஆணையத்திலும் பரிகாரம் கிடையாது. மங்குஸ்தானோ ரம்புட்டானோ வாங்கினால் அர்த்தம் உண்டு; அது இந்த மலைப்பக்கத்துப் பழம். என்ன வாங்குவது, எவ்வளவுக்கு வாங்குவது என்று வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுப் புறப்படுங்கள்.

வேண்டாததை வாங்குவதில் கெடுவது பணம் மட்டும் இல்லை. அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டுப் பல வருடமாகிறது. ஆனாலும் தடுப்புக் கம்பி ஓரத்தில் கிழித்துப் போட்ட ஷாம்பு பாக்கெட் கிடக்கும். சாரலுக்குத் தலையில் கவிழ்க்க ஒரு பிளாஸ்டிக் பை, செல்போனுக்கு ஒரு பை என்று வாங்கி, பஸ் ஏறும்போது அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பை தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. சீசன் தொடக்கத்தில் அதிகாரிகள் நாலு கடையில் பறிமுதல் செய்வார்கள், பேப்பரில் படம் வரும், அதோடு சரி. இந்தக் குப்பை சிற்றாற்றில் இறங்கி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேர்கிறது. கீழே தூத்துக்குடி வரை அதுதான் குடிதண்ணீர். ஒரு துணிப்பையும் பழைய துண்டும் வீட்டிலிருந்து கொண்டுவந்தால் பாதிச் சிக்கல் இல்லை.

இனி தண்ணீர் பாட்டில். "அண்ணாச்சி, பாட்டில்ல இருபதுன்னுல்லா போட்டிருக்கு?" "கூலிங்குக்கு அஞ்சு ரூவா ஆகும்லா." இந்தப் பேச்சு கேட்காத கடைத்தெரு கிடையாது. குளிர்வித்ததற்குத் தனிக் காசு என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அடைத்து விற்கும் பொருளை எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கக் கூடாது என்று பொட்டலப் பொருள் விதிகள், 2011 சொல்கின்றன. தமிழ்நாட்டில் இதைப் பார்க்க வேண்டியவர்கள் தொழிலாளர் துறையினர். தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு எழுத வேண்டும். இது தெரியாமல் போலீசிடமும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் சண்டை போட்டுவிட்டுப் போகிறவர்களே அதிகம். எம்.ஆர்.பி. அச்சு தெரிகிற மாதிரி பாட்டிலை ஒரு படம், கடைப் பலகையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஜி-பேயில் அனுப்பியிருந்தால், குறிப்பு எழுதும் இடத்தில் பொருளின் பெயரைப் போடுங்கள். பணம் போனதற்கு அது சாட்சியாகும். எதற்குப் போனது என்று நீங்கள் எழுதினால்தான் தெரியும். அதுவும் பில்லுக்கு ஈடாகாது, பில் கேளுங்கள்.

தேன் விஷயத்தில் நடக்கும் கூத்து தனி. அடியில் சர்க்கரை போல உறைந்தால் கலப்படம் என்று கொட்டிவிடுகிறார்கள். நல்ல தேனும் உறையும். தண்ணீரில் விடுவது, திரியில் நனைத்துக் கொளுத்துவது எல்லாம் எதையும் நிரூபிக்காது. பாட்டிலில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். நேந்திரம் சிப்ஸ் பொட்டலத்துக்கும் இதே கணக்குதான். உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006-இன் 40-ஆம் பிரிவுப்படி, வாங்கியவரே கட்டணம் கட்டிப் பொருளை ஆய்வுக்குக் கொடுக்கலாம். ஆனால் ஆய்வுக்குத்தான் வாங்குகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். பொருள் சட்டப்படி இல்லை என்று அறிக்கை வந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும்.

அறை வாடகைக்கு எம்.ஆர்.பி. கிடையாது, சீசனில் கேட்பதுதான் விலை. முன்பணம் போடும் முன் வாடகையை எழுத்தில் வாங்குங்கள். இணையத்தில் படத்தைப் பார்த்து, யாரோ ஒரு எண்ணுக்கு அட்வான்ஸ் அனுப்பி ஏமாந்தால், மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் அடித்தால்தான் முடக்க முடியும்.

"இதுக்காகத் திரும்பத் தென்காசிக்கு அலைய முடியுமா?" என்றுதான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அலைய வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். வாங்கியது குற்றாலத்தில், மனு மதுரையில். முதலில் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள், தமிழிலும் பேசலாம். அவர்கள் கடைக்காரரோடு பேசிப் பார்ப்பார்கள், ஆனால் உத்தரவு போட அதிகாரம் இல்லை. அதில் முடியாவிட்டால், கேட்கும் தொகையைக் குறித்துக் கடைக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்பி, 15 நாள் கெடு கொடுங்கள். நகலையும் தபால் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். பிறகு மனு. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. இ-ஜாக்ருதி இணையதளம் வழியாகவும் போடலாம். சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

மனுவில் இருவர் முகவரியும், தேதி வாரியாக நடந்ததும், கேட்கும் பரிகாரமும் இருக்க வேண்டும். "நியாயம் வழங்குமாறு" என்று மொட்டையாக முடிக்காதீர்கள். பொருளின் விலை இவ்வளவு, அலைச்சலுக்கு இவ்வளவு என்று தொகையைத் தனித்தனியாக எழுதுங்கள். கூடவே பில், படங்கள், நோட்டீஸ் நகல், சொன்னது உண்மை என்று நீங்கள் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம். கடையின் முழு முகவரி பில்லில்தான் இருக்கும். 'பேரருவிக்குப் போகிற வழியில் மூணாவது கடை' என்று எழுதிக் கொடுத்தால் ஆணையம் யாருக்கு நோட்டீஸ் அனுப்பும்?