வட்டுக்கோட்டையிலிருந்து அமெரிக்க வரலாறு



பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாது வீட்டிலேயே கற்பிக்க அமெரிக்கச் சட்டம் இடமளிக்கின்றது. ஜேர்மனியிலோ பாடசாலைக் கல்வி கட்டாயமானது. இதனை எதிர்த்த பெற்றோரின் முறைப்பாட்டை ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமும் 2006 இல் ஏற்க மறுத்தது. ஆயினும், பாடசாலை முடிந்தபின் வீட்டில் வரலாறு கற்பிப்பதை எவரும் தடுப்பதில்லை.

1776 ஆம் ஆண்டின் சுதந்திரப் பிரகடனம், 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போர் ஆகியவற்றை உயர்வகுப்பு மாணவர் இங்கு கற்கக்கூடும். ஆனால் அவ்வரலாறு எமது ஊர்களையும் தொட்டுச் சென்றதென்பதை அவருக்கு யார் கூறுவார்? அது பெற்றோராகிய எமது கடமையாகும்.

1816 இல் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கினர். இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பனி அவர்களை விரும்பாதிருக்க, இலங்கையின் பிரித்தானிய ஆட்சி இடமளித்தது. 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினறியும், 1824 இல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலையும் தோன்றின. 1841 இல் 'உதயதாரகை' பத்திரிகை வெளிவந்தது. 1847 இல் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், பின்னர் மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரும், பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தவருமான சி. வை. தாமோதரம்பிள்ளை வட்டுக்கோட்டைச் செமினறியிற் பயின்றவரே.

இதன் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. மிசனரிமாரின் முதன்மை நோக்கம் மதமாற்றம். மிசனரிப் பாடசாலைகளுக்கு மாற்றாக, ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மேலும், இங்கு பள்ளிகள் எழுந்த அதே காலத்தில் அமெரிக்காவில் அடிமைமுறை நிலவியது. 1860 இல் ஏறத்தாழ 40 இலட்சம் மக்கள் அங்கு அடிமைகளாயிருந்தனர். 1865 இலேயே அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

கற்பிக்கும் முறை எளிது. ஒரு தாளில் இரு நிரல்கள் வரைக. ஒன்றில் அமெரிக்க நிகழ்வுகளையும், மற்றதில் அதே ஆண்டுகளின் யாழ்ப்பாண நிகழ்வுகளையும் பிள்ளையே எழுதட்டும். பின்னர் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: அவர்கள் ஏன் வந்தார்கள்? யார் பயனடைந்தார்கள்? யார் எதிர்த்தார்கள், ஏன்? விடையை முதலில் ஜேர்மன் மொழியிற் கூறினும் குற்றமில்லை. அதனையே தமிழில் ஐந்து வரிகளாக எழுதச் செய்யுங்கள். உடுவிலிலோ மானிப்பாயிலோ படித்த பாட்டனார், பாட்டியார் இருப்பின் அவர்களிடமும் கேட்டறியச் சொல்லுங்கள்.

பிறநாட்டு வரலாற்றில் தன் ஊரின் பெயரைக் காணும் பிள்ளை, தன் ஊரின் வரலாற்றையும் தேடிப் படிக்கும். வரும் விடுமுறையிலேயே அம்முயற்சியைத் தொடங்குவோமாக.