மண்ணுக்கு மதிப்பூட்டும் கைகள்: சீனத்து யீஷிங் தேநீர்க் கெண்டிகள்

2010ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் நடந்த ஓர் ஏலத்தில், இரு கைகளுக்குள் அடங்கிவிடும் ஒரு மண் கெண்டி ஒரு கோடியே 23 லட்சத்து 20 ஆயிரம் யுவானுக்கு விலைபோயிற்று. பொன்னோ வெள்ளியோ அதில் இல்லை. பளபளக்கும் கண்ணாடிப் பூச்சுகூட இல்லை. அது மிகப் பழைமையானதும் அன்று; 1948இல் செய்யப்பட்டது. நகையை எடைபோட்டு, மாற்றுப் பார்த்து மதிப்பிடும் பணியில் பழகிய எங்களுக்கு, எடையாலும் மாற்றாலும் அளக்க இயலாத இம்மதிப்பு எங்கிருந்து வருகிறது என்னும் வினா எழுவது இயல்பே. அதன் விடை, கெண்டி உருவாகும் முறையிலேயே இருக்கிறது.

சீனாவின் ஜியாங்சு மாநிலத்தில், தாய் ஏரியின் மேற்குக் கரையை ஒட்டி அமைந்த நகரம் யீஷிங். அதனைச் சார்ந்த டிங்ஷூ என்னும் ஊரே இத்தொழிலின் உறைவிடம். மிங் பேரரசின் முதல் மன்னர் 1391இல், அச்சில் அழுத்திய தேயிலைக் கட்டிகளைத் திறையாகச் செலுத்தும் வழக்கத்தை நிறுத்தினார். உதிரித் தேயிலையை வெந்நீரில் ஊறவைத்துப் பருகும் பழக்கம் பரவியது. ஊறவைக்கச் சிறு கெண்டி தேவையாயிற்று. பதினாறாம் நூற்றாண்டில் ஓர் அறிஞர் வீட்டுப் பணியாளரான கொங் சுன், புத்த மடத்துத் துறவி ஒருவரிடம் இக்கலையைக் கற்றார் என்பது யீஷிங் மரபு. பதினேழாம் நூற்றாண்டில் இக்கெண்டிகள் தேயிலையோடு ஐரோப்பாவை அடைந்தன. ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரக் குயவர்களும், பின்னர் ஜெர்மனியின் மைசன் நகரத்தாரும் அவற்றைப் பார்த்துச் செய்யலாயினர்.

இம்மண்ணுக்குச் சீனத்தில் ‘ஸிஷா’, அதாவது ‘ஊதா மணல்’ என்று பெயர். மண் என்றாலும் அது ஆற்றங்கரைக் களிமண்ணைப் போன்றதன்று; மலையடியிலிருந்து வெட்டியெடுக்கப்படும் கல். மஞ்சள் நாகமலை எனப்படும் குன்றின் கல் மிகவும் பெயர்பெற்றது. ஊதா, சிவப்பு, சுட்டபின் இளமஞ்சளாக மாறும் பச்சை என்று அதில் வகைகள் உண்டு. வெட்டிய கல்லை வெயிலிலும் மழையிலும் பல மாதங்கள் கிடத்தி உதிரச் செய்வர். பிறகு இடித்து, சலித்து, நீர் சேர்த்துப் பிசைந்து, மீண்டும் நெடுநாள் மூடிவைப்பர். பொறுமையே இத்தொழிலின் முதல் மூலதனம்.

குயவர் என்றதும் நம் மனக்கண்ணில் சுழலும் சக்கரமே தோன்றும். மரபான யீஷிங் கெண்டி சக்கரத்தில் வனையப்படுவதில்லை. மண்ணை மரச்சுத்தியால் தட்டித் தகடாக்கி, நீண்ட பட்டை ஒன்றையும் வட்டத் துண்டுகள் சிலவற்றையும் அளந்து வெட்டுகின்றனர். பட்டையை வளைத்து, முனைகளை மண்குழம்பால் ஒட்டினால் ஓர் உருளை கிடைக்கிறது. அதைக் கையால் திருப்பும் சிறு வட்டப் பலகைமேல் வைத்து, இடக்கை விரல்களால் உட்புறம் தாங்கிக்கொண்டு, வலக்கையால் தட்டுப்பலகை கொண்டு மெல்லத் தட்டுகின்றனர். தட்டத் தட்ட விளிம்பு உள்நோக்கிக் குவிகிறது. நம் ஊர்க் குயவர் பானையின் அடியைத் தட்டி மூடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஒரு பக்கத்தை வட்டத் துண்டால் மூடி, கவிழ்த்து, மறுபக்கத்தையும் அவ்வாறே மூடியபின், உள்ளே அடைபட்ட காற்று சுவரைத் தாங்கி நிற்க, கெண்டியின் வடிவம் திருத்தப்படுகிறது.

மூக்கு, கைப்பிடி, மூடி ஆகியவை தனித்தனியே கையால் உருவாக்கப்பட்டு இணைக்கப்படுகின்றன. மூக்கு பொருந்தும் இடத்தில், இலைகள் வெளியேறாதபடி சிறு துளைகள் இடப்படுகின்றன. இறுதியில் மெல்லிய மாட்டுக் கொம்புத் தகட்டால் மேற்பரப்பைத் தேய்த்து வழவழப்பாக்கி, அடிப்புறத்தில் கைவினைஞர் தம் முத்திரையைப் பதிக்கிறார்.

முன்னாளில் மலைச்சரிவில் நீண்டு கிடக்கும் ‘நாகச் சூளை’களில் இவை சுடப்பட்டன. மிங் காலத்தைச் சேர்ந்த அத்தகைய சூளை ஒன்று டிங்ஷூவில் இன்றும் எரிகிறது. பெரும்பாலோர் இப்போது மின்சார, எரிவாயுச் சூளைகளையே பயன்படுத்துகின்றனர். சுமார் 1,100 முதல் 1,200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் மண் இறுகிச் சுருங்குகிறது. மூடியும் உடலும் ஒத்துச் சுருங்க வேண்டும் என்பதற்காக இரண்டும் சேர்த்தே சுடப்படுகின்றன. சுருங்கியபின்னும் மூடி பிசகாமல் அமர்வதே கைத்திறனுக்கான சான்று.

தொடக்கத்தில் கூறிய கெண்டியைச் செய்தவர் கு ஜிங்ஜோ (1915–1996). அதில் சித்திரம் தீட்டியவர் ஷாங்காய் ஓவியர் வூ ஹூஃபான். இளமையில் கு ஜிங்ஜோ, ஷாங்காயின் பழம்பொருள் கடை ஒன்றுக்காக முன்னோர்களின் கெண்டிகளைப் போலவே படிகள் செய்து கொடுத்தவர். அவற்றுட் சில பின்னாளில் அருங்காட்சியகத்திலேயே பழைய மூலங்களாக வைக்கப்பட்டிருந்தன என்றும், அவற்றை அவரே அடையாளம் காட்டினார் என்றும் கூறுவர். இன்றோ, அவருடைய முத்திரையே போலியாகப் பதிக்கப்படுகிறது. முத்திரை நம்பிக்கையின் அடையாளம். அந்நம்பிக்கைக்கு விலை உயர உயர, அதைத் திருட முயல்வோரும் பெருகுகின்றனர். காசோலையின் கையொப்பத்தை ஒப்புநோக்கும் எங்களுக்கு இது அறிமுகமான உண்மையே.

போலி என்பது முத்திரையோடு நிற்பதில்லை. சாதாரணக் களிமண்ணில் சாயப்பொருள் கலந்து ‘ஊதா மணல்’ என்று விற்பதைச் சீனத் தேசியத் தொலைக்காட்சி 2010இல் அம்பலப்படுத்தியது. மேலும், முழுதும் கையால் செய்தது, அச்சில் அழுத்திக் கையால் முடித்தது, குழம்பாக வார்த்தது என மூவகைக் கெண்டிகள் சந்தையில் உள்ளன. மூன்றும் பயன்படும்; ஒன்றை மற்றொன்றின் விலைக்கு விற்பதே குற்றம்.

வாங்க விரும்புவோர்க்குச் சில குறிப்புகள்: கைப்பிடி இருக்கும் பக்கத்தின் உட்புறத்தில் உருளையின் இணைப்புத் தடம் தெரிகிறதா என்று நோக்குக. ஆனால் அதையும் செயற்கையாக இடுவோர் உண்டு என்பதால், அது ஒன்றே போதிய சான்றாகாது. நீர் ஊற்றும்போது மூடிக் குமிழின் துளையை விரலால் அடைத்தால் ஒழுக்கு நின்றுவிட வேண்டும். இது பொருத்தத்தைக் காட்டுமேயன்றி, செய்தவர் யார் என்பதைக் காட்டாது. பூச்சற்ற சுவர் மணத்தை ஈர்ப்பதால் சோப்பு இட்டுக் கழுவுதல் கூடாது. ஒரு கெண்டிக்கு ஒரே வகைத் தேநீர் என்பது பழைய வழக்கம். நாளடைவில் அதன் மேனி தானே மினுமினுக்கும்.

இவற்றை முதலீடாகக் கருதி வாங்குவோர், முதலில் விற்பவரின் நேர்மையை எடைபோடுதல் நன்று. நாள்தோறும் தேநீர் அருந்த வாங்குவோர்க்கு அவ்வளவு கவலை வேண்டா: மூடி சரியாக அமர்ந்து, மூக்கு சிந்தாமல் ஊற்றினால், கொடுத்த பணத்திற்குரிய பயன் ஒவ்வொரு காலையும் அவர்களுக்குக் கிடைத்துக்கொண்டே இருக்கும்.