பாய்லரில் வெந்தவனுக்கு பஸ் செலவு மட்டும்தானா? முதலாளி தர வேண்டியது லட்சக்கணக்கில்!

வடக்கனந்தல்,

கல்வராயன் மலை அடிவாரத்தில் உள்ளது வடக்கனந்தல் பேரூராட்சி. இங்குள்ள கச்சிராயபாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. கள்ளக்குறிச்சி வட்டாரம் முழுக்க கரும்பும் நெல்லும்தான். கரும்பு இருந்தால் பாகு கொதிக்கும் கொப்பரை இருக்கும். நெல் இருந்தால் அவிக்க பாய்லர் இருக்கும். நெருப்போடும் நீராவியோடும் மல்லுக்கட்டிப் பிழைப்பவர்கள் இந்தப் பக்கம் ஏராளம்.

வேலையில் கை வெந்து போனால் என்ன ஆகும்?

பல இடங்களில் நடப்பது இதுதான். ஆளை ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள். பஸ் செலவுக்கும் மருந்துக்கும் கொஞ்சம் பணம் கொடுப்பார்கள். "நடந்தது நடந்து போச்சு, இத வச்சுக்க. ஒரு கையெழுத்து போட்டுடு" என்பார்கள். அத்தோடு கணக்கு முடிந்தது!

ஆனால் சட்டத்தின் கணக்கு வேறு.

நெய்வேலி பயங்கரம்

2020 ஜூலை 1. பக்கத்து கடலூர் மாவட்டத்தில் உள்ள நெய்வேலி 2-வது அனல்மின் நிலையத்தில் பாய்லர் வெடித்தது. 6 பேர் அங்கேயே கருகி மாண்டார்கள். 17 பேர் படுகாயம் அடைந்தார்கள். ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடியவர்களில் பலர் அடுத்தடுத்து இறந்தார்கள். இவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் உண்டு. அதே மின் நிலையத்தில் அந்த ஆண்டு மே 7-ந் தேதியும் பாய்லர் விபத்து நடந்திருந்தது!

உறவினர்களும் தொழிற்சங்கத்தினரும் கொதித்து எழுந்தார்கள். இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.30 லட்சம், காயம் அடைந்தவருக்கு ரூ.5 லட்சம் என்று அறிவிப்பு வந்தது. தேசிய பசுமை தீர்ப்பாயமும் தலையிட்டு, ரூ.5 கோடி கட்டும்படி என்.எல்.சி.க்கு உத்தரவு போட்டது.

அது பெரிய நிறுவனம். நாடே பார்த்துக் கொண்டிருந்தது. ஆனால் ரைஸ்மில்லில் ஒற்றை ஆளாக வெந்து போனவனுக்குக் கூட்டம் கூடாது. அவனுக்குத் துணை சட்டம் மட்டும்தான்.

நிவாரணம் வேறு, இழப்பீடு வேறு

2021 அக்டோபர் 26-ந் தேதி சங்கராபுரத்தில் பட்டாசுக் கடை தீப்பிடித்துப் பலர் பலியானார்கள். இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.5 லட்சம் தருவதாக முதல்-அமைச்சர் அறிவித்தார். அது அரசு இரக்கப்பட்டுத் தரும் நிவாரணம். வேலையில் அடிபட்டவனுக்கு முதலாளி தர வேண்டியது இழப்பீடு. அது தர்மம் அல்ல, கடன்!

இந்தக் கடனை முதலில் எழுதி வைத்தது 1923-ம் ஆண்டுச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வந்து விட்டது. சட்டத்தின் பேர்தான் மாறியது. முதலாளியின் பொறுப்பு மாறவில்லை.

எவ்வளவு கிடைக்கும்?

வயது, சம்பளம், ஊனத்தின் அளவு மூன்றையும் வைத்துக் கணக்கு. 2020 ஜனவரி 3-ந் தேதி, கணக்கில் சேர்க்கும் சம்பளத்தின் உச்சவரம்பை ரூ.8 ஆயிரத்தில் இருந்து ரூ.15 ஆயிரமாக மத்திய அரசு உயர்த்தியது. அதன்படி, 30 வயது ஆள், சம்பளம் ரூ.15 ஆயிரம் என்று வைத்துக் கொள்வோம். முழு ஊனம் என்றால் சம்பளத்தில் 60 சதவீதம், அதாவது ரூ.9 ஆயிரம். இதை அந்த வயதுக்குரிய 207.98 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். வருவது ரூ.18 லட்சத்து 71 ஆயிரத்து 820! உழைக்கும் சக்தியில் 30 சதவீதம் போனது என்று டாக்டர் சொன்னால் ரூ.5 லட்சத்து 61 ஆயிரத்து 546. ஆஸ்பத்திரிச் செலவு தனி. அதையும் முதலாளிதான் தர வேண்டும்.

முகம் மிகக் கோரமாகச் சிதைந்து போனால், கை கால் நன்றாக இருந்தாலும் சட்டத்தின் பார்வையில் அது 100 சதவீத ஊனம்.

ஊனத்தைப் பார்க்கும் விதத்தை சுப்ரீம் கோர்ட்டு 1975-லேயே சொல்லி விட்டது. சினிமா தியேட்டர் வேலையில் விழுந்து இடது கையை இழந்தார் ஒரு தச்சர். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு ஊனம் என்று தீர்ப்பு வந்தது. விபத்து நடந்த நாளிலேயே பணம் கொடுக்கும் கடமை வந்து விடுகிறது என்றும் நீதிபதிகள் சொன்னார்கள்.

ஒரு மாதத்துக்குள் பணம் வராவிட்டால் 12 சதவீத வட்டி. காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் 50 சதவீதம் வரை அபராதமும் விழும்.

சாக்குப்போக்கு செல்லாது

"அவன் கான்ட்ராக்ட் ஆள், எனக்குத் தெரியாது" என்று ஆலைக்காரர் கை கழுவ முடியாது. முதலில் அவர் கொடுத்து விட்டு, பிறகு கான்ட்ராக்டரிடம் வசூல் செய்து கொள்ளலாம்.

"அவன் கவனமா இருந்திருக்கணும்" என்பதும் எடுபடாது. வெறும் கவனக்குறைவைக் காட்டித் தப்ப முடியாது. குடிபோதை, வேண்டுமென்றே விதியை மீறியது என்ற வாதங்கள் கூட மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் செல்லாது.

"எனக்கு எதுவும் வேண்டாம்" என்று எழுதி வாங்கிய தாள் வெறும் காகிதம். பேசி முடித்த தொகை என்றாலும் அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை குறைவு என்று பட்டால் அவர் பதிய மறுக்கலாம்.

முதல் நாளே உஷார்!

வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிவாகி விடுகிறது. "வீட்டில் அடுப்பு வெடித்தது" என்று சொல்லச் சொல்வார்கள். வலியில் துடிப்பவனும் தலையாட்டி விடுவான். அது விபத்துப் பதிவேட்டில் ஏறி விட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. எங்கே, எந்த வேலையில் வெந்தது என்பதை டாக்டரிடம் உள்ளபடி சொல்ல வேண்டும். ஏ.ஆர். காப்பி, மருந்து பில், சம்பளச் சீட்டு எதையும் தொலைக்கக் கூடாது. சம்பளச் சீட்டு இல்லையா? கூட வேலை பார்த்தவர்களின் சாட்சி உதவும்.

முதலாளிக்கு உடனே எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 2 ஆண்டுக்குள் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு அதிகாரியிடம் மனு போட வேண்டும். இ.எஸ்.ஐ.யில் பேர் உள்ளவர்கள் முதலாளியிடம் கேட்க முடியாது. அவர்களுக்கு இ.எஸ்.ஐ.யே ஊன உதவித்தொகை தரும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று மலைக்க வேண்டாம். கோர்ட்டு வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம். ஆலைத் தொழிலாளர்கள், பெண்கள், ஆதிதிராவிடர், கல்வராயன் மலைவாழ் மக்கள் எல்லோருக்கும் அந்த உரிமை உண்டு.

கையெழுத்துப் போடும் முன் ஒரு நடை அங்கே போய் வந்தால் போதும். பஸ் செலவோடு முடிய இருந்த கணக்கு, லட்சங்களில் ஆரம்பிக்கும்!