பழைய தனிவீடு: அட்வான்ஸுக்கு முன்னாடி ஒரு கணக்கு

அம்பத்தூர், குரோம்பேட்டை பக்கம் மாடியில்லாத பழைய தனிவீடு ஒன்று 60 லட்சத்துக்கு வருதுன்னு வைங்க. 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80% வரைதான் கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதாவது 48 லட்சம். மீதி 12 லட்சம் உங்க சேமிப்பு. ஸ்டாம்ப் டூட்டி, பதிவுக் கட்டணம் சேர்த்து 9%, இன்னொரு 5.40 லட்சம், அதையும் நீங்கதான் போடணும்.

பழைய வீடு இடிக்கிற இடம் இதுக்கப்புறம்தான். வங்கி அனுப்பும் வேல்யூயர் மனைக்கு விலை போடுவார், 35 வருஷக் கட்டடத்துக்குத் தேய்மானம் கழிப்பார். 52 லட்சம்னு எழுதிட்டா கடன் 41.60 லட்சம்தான். குறையுற 6.40 லட்சத்துக்கு எங்கே போவீங்க? பர்சனல் லோன்னு மட்டும் சொல்லாதீங்க!

அதனால வேல்யூவேஷனும் லீகல் ஒப்பீனியனும் கைக்கு வந்த பிறகே அட்வான்ஸ். புரோக்கர் அவசரப்படுத்தினா, லோன் குறைந்தால் பணம் வாபஸ்னு அக்ரிமென்ட்டில் ஒரு வரி கேளுங்க. அதுக்குத் தயங்குற ஓனர்கிட்ட என் கிளையன்ட் யாரையும் நான் விடமாட்டேன்.

விலை 50 லட்சத்தைத் தொட்டாலே 1% டிடிஎஸ் பிடிச்சுக் கட்டுவது வாங்குறவர் பொறுப்பு. இங்கே 60,000 ரூபாய். ஓனர் என்ஆர்ஐயா இருந்தா இந்த 1% பொருந்தாது, முதல் சந்திப்பிலேயே கேட்டுடுங்க.