கனமும் துவளலும்: சுவருக்குள் மறையும் ஒலித்தடுப்புச் சவ்வு

கட்டடங்களில் இரைச்சலைக் குறைப்பதற்கென்று விற்கப்படும் பொருள்கள் அனைத்துக்கும் ‘சவுண்ட் புரூஃப்’ என்ற ஒரே பெயர் வழங்கிவருவதால், தன்மையில் வேறுபட்ட இரண்டு வேலைகள் ஒன்றெனக் கருதப்பட்டுப் பணம் வீணாவது வழக்கமாகிவிட்டது. அறைக்குள் எழும் ஒலி சுவர்களில் மோதி மோதித் திரும்புவதைத் தணிப்பது ஒரு வேலை. இதை ஒலி உறிஞ்சல் என்பர். ஓர் அறையின் ஒலி அடுத்த அறைக்குச் செல்லாமல் மறிப்பது மற்றொரு வேலை, இதுவே ஒலித்தடுப்பு. 1895ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலைக்கூட விரிவுரை மண்டபத்தில் பேச்சு விளங்காமல் கலங்கியபோது, வாலஸ் சாபைன் என்ற இயற்பியலாளர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பி, ஐந்தரை விநாடி நீடித்த எதிர்முழக்கம் எவ்வாறு குறைகிறது என்று அளந்தறிந்தார். அவர் செய்தது உறிஞ்சல் குறித்த ஆய்வு. அதே மெத்தைகளைச் சுவரில் மாட்டியிருந்தாலும் அடுத்த அறையில் இருப்பவருக்குச் சத்தம் ஏறத்தாழ முன்போலவே கேட்டிருக்கும்; ஏனெனில், காற்று புகும் பொருளின் வழியே ஒலியும் புகும். முட்டை அடுக்கும் அட்டைகளையும் கூம்பு கூம்பான நுரைத் தகடுகளையும் ஒட்டிவிட்டு அண்டைவீட்டாரின் தொலைக்காட்சி அடங்கும் என்று காத்திருப்போர் இந்த வேறுபாட்டைத்தான் தவறவிடுகின்றனர்.

மறிக்கும் வேலைக்கென உருவானவையே ஒலித்தடுப்புச் சவ்வுகள். மெம்பரேன் என்று கட்டடத் துறையில் குறிப்பிடப்படும் இவை பெரும்பாலும் 2 முதல் 6 மில்லிமீட்டர் வரையிலான தடிமனில், பாய் போலச் சுருட்டி விற்கப்படும் கனத்த தகடுகள். பிவிசி நெகிழியுடன் பேரியம் சல்பேட் அல்லது சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்து எடை ஏற்றியவை ஒரு வகை. தாரிலிருந்தும் ரப்பரிலிருந்தும் செய்யப்படுபவை வேறு வகைகள். பரவலாகக் கிடைக்கும் வினைல் தகடு, மூன்று மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனிலேயே சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5 கிலோ எடை கொண்டது. பத்தடிக்குப் பத்தடி சுவரை மூடும் அளவுக்கு வாங்கினால் 46 கிலோ சேர்ந்துவிடும். பார்வைக்குத் தரைவிரிப்பு போலத் தோன்றும் அச்சுருளைத் தூக்க இருவர் வேண்டும்.

அந்த எடையே அதன் பயன். காற்றில் வரும் ஒலி என்பது அழுத்த ஏற்றத்தாழ்வுகளின் அலை. அது சுவரில் மோதும்போது சுவரை மிக நுண்ணிய அளவில் முன்னும் பின்னும் அசைக்கிறது. அசையும் சுவர் மறுபுறக் காற்றைத் தள்ளுவதால் அங்கே ஒலி மீண்டும் பிறக்கிறது. சுவர் எவ்வளவு கனமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அதை அசைப்பது கடினம் என்பதால், ஒரு சதுர மீட்டருக்குரிய எடை இரட்டிக்கும்போதெல்லாம் தடுப்பு சுமார் 6 டெசிபல் கூடுகிறது. ஒலியியலில் இது நிறை விதி எனப்படும். டெசிபல் கூட்டல் கணக்கில் வளரும் அளவன்று. 10 டெசிபல் ஏறினால் ஒலி ஆற்றல் பத்து மடங்காகிறது, ஆனால் காதுக்கு அது ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாக மட்டுமே படுகிறது. ஆகவே, 6 டெசிபல் குறைவது காதுக்குத் தெளிவாகப் புலப்படும் மாற்றம். ஒரு டெசிபல் குறைவதை அன்றாட வாழ்வில் எவரும் கவனிப்பதில்லை.

எடை மட்டும் போதுமென்றால் கனத்த பலகை எதையும் வைத்துவிடலாம், சவ்வு தேவைப்படாது. இங்கேதான் விறைப்பு குறுக்கிடுகிறது. விறைப்பான தகட்டில் ஒலி படும்போது, தகட்டின் நீளவாக்கில் வளைவு அலைகள் ஓடுகின்றன. குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் இவ்வளைவுகளின் நீளமும், சாய்வாக வந்து மோதும் காற்றலையின் தடமும் பொருந்திவிட்டால், தகடு ஒலியை மறிப்பதை விட்டுவிட்டு அதற்குத் துணைபோகத் தொடங்குகிறது. ஜெர்மானிய ஒலியியலாளர் லோதர் கிரெமர் 1942இல் விளக்கிய இந்நிகழ்வைப் பொருந்தல் விளைவு எனலாம். பன்னிரண்டரை மில்லிமீட்டர் ஜிப்சம் பலகையில் இது 2500 ஹெர்ட்ஸுக்கும் 3000 ஹெர்ட்ஸுக்கும் இடைப்பட்ட பகுதியில் நிகழ்கிறது. மனிதப் பேச்சின் மெய்யெழுத்துகளைப் பிரித்தறிய உதவும் ஒலிகள் அப்பகுதியில்தான் மிகுதி என்பதால், ஜிப்சம் தடுப்புக்கு அப்பால் நடக்கும் உரையாடல் மெலிந்து கேட்டாலும் சொற்கள் விளங்கிவிடுவதுண்டு. துவளும் தகட்டில் வளைவு அலைகள் மிக மெதுவாக ஓடுவதால், பொருந்தல் காது கேட்கும் எல்லைக்கு அப்பால் தள்ளிப்போகிறது. கனமாகவும் இருக்க வேண்டும், துணி போலத் தொங்கவும் வேண்டும் என்ற முரணான இரு குணங்களையும் ஒருகாலத்தில் ஈயத் தகடு மட்டுமே நிறைவு செய்தது. ஈயத்தின் நச்சுத்தன்மை அஞ்சத்தக்கதாக உணரப்பட்ட பின் அவ்விடத்தை எடை ஏற்றிய வினைல் பெருமளவில் பிடித்துக்கொண்டது.

சவ்வு எங்கே பலன் தரும் என்பதை நிறை விதியே சொல்லிவிடுகிறது. ஒரு ஜிப்சம் பலகை சதுர மீட்டருக்கு எட்டரைக் கிலோ அளவில் இருக்க, அதனுடன் 5 கிலோ சவ்வு சேர்ந்தால் கணக்குப்படி 4 டெசிபல் கூடும். அதே சவ்வை ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் ஒட்டினால் நேர்வது வேறு. பூச்சுடன் கூடிய அச்சுவர் சதுர மீட்டருக்கு 400 கிலோவுக்கும் மேற்பட்டது. அதன்மேல் 5 கிலோ ஏற்றுவது எடையை நூற்றில் ஒரு பங்கு கூட்டுவதேயாகும். கிடைக்கும் கூடுதல் தடுப்பு பத்தில் ஒரு டெசிபல். செங்கல் சுவரை வினைல் தகட்டால் போர்த்துவது வீண்செலவு என்று தயங்காமல் சொல்லலாம். அத்தகைய சுவரை மேம்படுத்த வேண்டுமாயின், அதைத் தொடாமல் சில அங்குலம் தள்ளித் தனிச் சட்டம் நிறுத்தி, இடைவெளியில் ராக் வூல் எனப்படும் பாறைப் பஞ்சை நிரப்பி, அதன்மேல் பலகையை அடிக்க வேண்டும். இரண்டு பாரங்களுக்கு நடுவே அடைபட்ட காற்று வில்சுருள் போல நடந்துகொள்வதால், இத்தகைய இரட்டைச் சுவர் அதே எடையுள்ள ஒற்றைச் சுவரைக் காட்டிலும் வெகுவாக ஒலியை மறிக்கிறது. இடைவெளி குறுகினால் அந்த வில்சுருள் விறைத்து, தாழ்ந்த அதிர்வெண்களில் ஒத்ததிர்வு தோன்றித் தடுப்பு சரிந்துவிடும். இடைவெளியின் நட்டநடுவே சவ்வைத் தொங்கவிட்டு அதை இரண்டாகப் பிளப்பது நல்லதென்று தோன்றினாலும், பல நேரங்களில் அதனால் கெடுதலே விளைகிறது. சட்டத்துக்கும் பலகைக்கும் இடையில், இழுத்துக் கட்டாமல், தளர்வாகப் பொருத்துவதே முறை.

சாதாரண ஜிப்சம் தடுப்பிலும் சவ்வுதான் முதல் தேர்வாக இருக்க வேண்டுமென்பதில்லை. இரண்டாவதாக ஒரு ஜிப்சம் பலகையைச் சேர்த்தால் 5 கிலோவுக்குப் பதில் எட்டரைக் கிலோ கூடுகிறது. செலவும் பெரும்பாலும் குறைவு. பலகை போக முடியாத இடங்களே சவ்வுக்கு உரிய இடங்கள். அலுவலகங்களில் அறைகளைப் பிரிக்கும் தடுப்புகள் பொதுவாக ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுவிட, அதற்கு மேலுள்ள வெற்றிடம் எல்லா அறைகளுக்கும் பொதுவாகத் திறந்து கிடக்கும். மேலாளர் அறையில் தாழ்ந்த குரலில் பேசுவது வெளியே கேட்பதற்குச் சுவரைக் காட்டிலும் இந்த வெற்றிடமே காரணமாக இருக்கக் காணலாம். கான்கிரீட் தளத்திலிருந்து தடுப்பின் உச்சிவரை சவ்வைத் திரையாகத் தொங்கவிட்டு, குழாய்களும் கம்பிகளும் செல்லும் இடங்களில் வெட்டிப் பொருத்தி நாடா ஒட்டினால் அந்த வழி அடைபடுகிறது. அதேபோல, மேல்மாடிக் குளியலறையின் கழிவுநீர்க் குழாய் கீழ்வீட்டுக் கூரைக்கடியில் ஓடும்போது எழும் சலசலப்பை அடக்க, முதலில் நுரையும் அதன்மேல் சவ்வுமாகக் குழாயைச் சுற்றிக் கட்டுகின்றனர். நுரை குழாயின் அதிர்வு சவ்வைத் தொடாமல் பார்த்துக்கொள்கிறது. சவ்வு காற்றில் பரவும் ஓசையை மறிக்கிறது. வளைந்த குழாயில் எந்தப் பலகையாலும் செய்ய முடியாத வேலை இது.

எத்தகைய சுவரையும் பயனற்றதாக்கிவிடக் கூடியது இடுக்கு. ஏழடி உயரமும் மூன்றடி அகலமும் கொண்ட கதவுக்கடியில் ஒரு சென்டிமீட்டர் சந்து இருந்தால், அது கதவுப் பரப்பில் இருநூறில் ஒரு பங்குதான். ஆனால், கதவை எவ்வளவு கனமாகச் செய்தாலும் மொத்தத் தடுப்பு சுமார் 23 டெசிபலைத் தாண்டாது. அந்தக் கதவின்மேல் சவ்வை ஒட்டுவதும் ஓட்டைப் பானையின் சுவரைத் தடிப்பாக்குவதும் ஒன்றே. ஏ.சி. குழாய்க்காகத் துளைத்துச் சரியாக அடைக்காத ஓட்டை, பொதுச் சுவரின் இருபுறமும் நேருக்கு நேராகப் பதித்த சுவிட்சு பெட்டிகள், ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் பூச்சு விட்டுப்போன கோடு ஆகியவை யாவும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றை அடைக்கக் காய்ந்து வெடிக்கும் சிமெண்டைவிட, என்றும் நெகிழ்வாக இருக்கும் சீலண்ட் மேலானது. தமிழ்நாட்டின் வீடுகள் காற்றோட்டத்தை எண்ணிக் கட்டப்படுபவை என்பதால் இதில் ஓர் இக்கட்டும் உண்டு: காற்று வரும் வழியே ஒலி வரும் வழியாகவும் இருக்க, ஒன்றை அடைத்தால் மற்றொன்றுக்கு மின்விசிறியையோ ஏ.சி.யையோ நம்ப வேண்டியதாகிறது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மிகுதியாக மனத்தாங்கலை உண்டாக்குவது காற்றில் வரும் ஒலியன்று, மேல்வீட்டுத் தரையில் மோதி வரும் ஒலி. நாற்காலி இழுபடுவதும் தேங்காய் உடைபடுவதும் குழந்தைகள் ஓடுவதும் கான்கிரீட்டை நேரடியாக அதிரச் செய்கின்றன. நூற்றைம்பது மில்லிமீட்டர் கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 360 கிலோ கனம் கொண்டதாகையால் மேல்வீட்டுப் பேச்சை நன்றாகவே மறிக்கும். மோதலை மறிப்பதற்கு அக்கனம் போதாது. இதை அளப்பதற்கென்றே, அரைக் கிலோ எடையுள்ள ஐந்து சுத்தியல்களை 40 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விநாடிக்குப் பத்து அடிகள் வீதம் தரையில் விழச்செய்யும் பொறி உலகெங்கும் பயன்படுகிறது. இதற்குரிய சவ்வு கனமானதாக இருக்க வேண்டியதில்லை, மீள்திறன் கொண்டதாக இருக்க வேண்டும். ரப்பர்த் துகள், தக்கை, பாலிஎதிலீன் நுரை ஆகியவற்றால் ஆன சில மில்லிமீட்டர் படலத்தைத் தளத்தின்மேல் விரித்து, அதன்மீது சிமெண்ட் கலவைத் தளமும் டைல்ஸும் இட்டால், மேல்தளம் கட்டடத்தைத் தொடாமல் மிதக்கிறது. மிதக்கும் தளம் என்ற அதன் பெயருக்கேற்பச் சுவரோரங்களிலும் படலத்தை மடித்து மேலேற்ற வேண்டும். ஒரே ஓரிடத்தில் கலவை வழிந்து சுவரைத் தொட்டு இறுகிவிட்டாலும் அதிர்வு அப்பாலத்தின் வழியே கடந்துவிடும். மேஸ்திரி கவனித்து வேலை வாங்காத தளத்தில் விலையுயர்ந்த படலமும் வீணே. கட்டி முடித்த வீட்டில் இதைச் செய்வது தரையைப் பெயர்ப்பதாகும் என்பதால், கட்டும்போதே கேட்டுப் பெறாதவருக்கு மேல்வீட்டாரின் நாற்காலிக் கால்களில் ரப்பர் உறை மாட்டச் சொல்வதைத் தவிர எளிய வழி குறைவு.

இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணிக்குப் பிறகு 45 டெசிபல் என்று வரம்பு விதிக்கின்றன. படுக்கையறைக்குள் 30 டெசிபலைத் தாண்டாதிருப்பது நன்று என 1999ஆம் ஆண்டின் உலகச் சுகாதார நிறுவன வழிகாட்டி கூறுகிறது. விதிகள் தெருவில் எழும் ஓசையைப் பற்றியவை. சுவர் எவ்வளவு மறிக்க வேண்டும் என்பதைச் சொல்லும் 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட நெறித் தொகுப்பில் ஒலியியலுக்கு எட்டாம் பாகத்தில் தனிப்பிரிவு இருந்தும், அத்தொகுப்பு பரிந்துரையே. இங்கிலாந்திலோ 2003ஆம் ஆண்டின் விதிமுறைகளுக்குப் பின், புதிய குடியிருப்புகளில் வீடுகளைப் பிரிக்கும் சுவர்கள் குறைந்தது 45 டெசிபல் தடுக்க வேண்டும் என்றும் கட்டி முடித்தபின் மாதிரி வீடுகளில் அளந்து காட்ட வேண்டும் என்றும் நடைமுறை வந்தது. விற்பனையாளர் காட்டும் தாள்களில் ஒலித்தடுப்பின் அளவைக் குறிக்கும் ‘எஸ்.டி.சி.’ என்ற எண் இருக்கும். ஆய்வகத்தில், ஓட்டையோ சுற்றுவழியோ இல்லாத நிலையில் பெறப்பட்ட அந்த எண், கட்டிய வீட்டில் சில டெசிபல் குறைவதே இயல்பு. மூன்று மில்லிமீட்டர் வினைல் தகட்டின் தனி எண் 26 அல்லது 27 என்ற அளவில் இருக்க, விளம்பரத்தில் 50 என்று கண்டால், அது தகட்டுக்கு மட்டும் உரியதா, இரட்டைப் பலகையும் பஞ்சும் சேர்ந்த முழுச் சுவருக்கு உரியதா என்று கேட்க வேண்டும். பிவிசி எரிந்தால் நச்சுப்புகை எழும் என்பதால் தீத்தடுப்புச் சோதனைச் சான்றையும் உடன் கேட்பது கட்டாயம்.

தகடு வாங்க எண்ணுவோர் ஒரு காரியத்தை முதலில் செய்து பார்க்கலாம். இரவில் இரைச்சல் கேட்கும் நேரத்தில் கதவுக்கடியில் நனைத்த துண்டைச் சுருட்டி அடைத்து, ஜன்னல் சந்துகளில் அகலமான நாடாவை ஒட்டி, சுவிட்சு பெட்டிகளை மூடிவிட்டுக் கேட்க வேண்டும். ஓசை குறைந்தால் தேவைப்படுவது சீலண்டும் கதவுக்கடி ரப்பர்ப் பட்டையும் மட்டுமே. குறையவே இல்லையென்றால், ஒலி சுவர் வழியாக வருகிறதா தளத்தின் வழியாக வருகிறதா என்று கண்டறிந்த பிறகு தகட்டுக்கு விலை கேட்கலாம்.